பார்வையற்ற மாணவருக்கு பிரெயிலில் கணக்கு, அறிவியல், கோடிங்: ஒரு டீச்சரின் குறிப்புகள்

வகுப்பில் “எக்ஸ் பிளஸ் ஒன் பை ஒய்” என்று சொல்லிக்கொண்டே பலகையில் எழுதுகிறீர்கள். எக்ஸையும் ஒன்றையும் கூட்டி வந்ததை ஒய்யால் வகுக்க வேண்டுமா? ஒன்றை மட்டும் ஒய்யால் வகுத்து எக்ஸோடு கூட்ட வேண்டுமா? பலகையைப் பார்க்கிற பிள்ளைக்கு இந்தக் கேள்வியே எழாது. காதால் மட்டும் கேட்கிற பிள்ளை ஏதோ ஒன்றை ஊகித்துக்கொள்ளும்.

நானும் பார்வை இல்லாதவள்தான், கணக்கு டீச்சர். வகுப்பில் பார்வையற்ற பிள்ளை ஒருத்தி சேர்ந்துவிட்டால் மற்ற ஆசிரியர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “எந்த ஆப் நல்லா வாசிச்சுக் காட்டும் டீச்சர்?” என்றுதான். “அவ கணக்கை எதுல எழுதப் போறா?” என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. வாசித்துக் காட்டும் மென்பொருள் வரலாற்றுப் பாடத்துக்குப் போதும். கணக்குப் போடுகிறவர் ஐந்தாவது வரியில் இருக்கும்போது இரண்டாவது வரிக்குத் திரும்பிப் போய், அங்கே இருந்தது மைனஸா பிளஸா என்று தொட்டுப் பார்க்க வேண்டும், திருத்த வேண்டும், மறுபடி கீழே வர வேண்டும். அந்த வசதியை எப்படி ஏற்படுத்திக் கொடுப்பது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

எந்தக் குறியீடு?

பிரெயில் கட்டம் ஒன்றில் 6 புள்ளிகள். இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. வெற்றுக் கட்டத்தையும் சேர்த்தால் மொத்தம் 64 வடிவங்கள்தான். கணிதக் குறிகளோ அதைவிட எத்தனையோ மடங்கு அதிகம். அதனால் கணக்குக்கென்று தனி விதிகள் வேண்டியிருக்கின்றன. ஆங்கிலம் சார்ந்த பாடங்களில் இரண்டு முறைகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று நெமெத் குறியீடு. பார்வையற்ற கணிதப் பேராசிரியர் ஆபிரகாம் நெமெத் உருவாக்கியது, 1952-ல் வெளியானது. மற்றொன்று யூ.இ.பி. எனப்படும் ஒருங்கிணைந்த ஆங்கில பிரெயில். இதில் உரைக்கும் கணக்குக்கும் ஒரே விதித்தொகுப்பு.

கண்ணில் படும் முதல் வித்தியாசம் எண்களில். யூ.இ.பி.யில் 1 என்பது புள்ளி 1, 2 என்பது 1-2. ஆங்கில எழுத்து ஏ, பி போலவேதான். முன்னால் 3-4-5-6 என்ற எண் குறி வரும். தமிழ் பிரெயிலிலும் எண்கள் இப்படித்தான் என்பதால் தமிழில் படித்த பிள்ளைக்கு இது புதிதல்ல. நெமெத்தில் அதே வடிவங்கள் ஒரு படி கீழே இறங்கிவிடும்: 1 என்பது புள்ளி 2, 2 என்பது 2-3. எழுத்து மேலே, எண் கீழே என்று பிரிந்துவிடுவதால் ஒவ்வோர் எண்ணுக்கும் முன்னால் எண் குறி போட வேண்டிய தேவை குறைகிறது.

முதல் பத்தியில் சொன்ன கணக்கையே நெமெத்தில் எழுதிப் பார்க்கலாம். பின்னம் தொடங்கும் குறி 1-4-5-6, பின்னக் கோடு 3-4, பின்னம் முடியும் குறி 3-4-5-6, கூட்டல் 3-4-6. எக்ஸையும் ஒன்றையும் கூட்டி ஒய்யால் வகுப்பது 7 கட்டம். ஒன்றை மட்டும் வகுத்து எக்ஸோடு கூட்டுவதும் 7 கட்டம்தான். முதலாவதில் பின்னத் தொடக்கக் குறி முதல் கட்டத்திலேயே இருக்கும், இரண்டாவதில் மூன்றாவது கட்டத்தில். விரல் வரியின் தொடக்கத்தைத் தொட்ட உடனேயே எது எது என்று தெரிந்துவிடும். யூ.இ.பி.யில் முதலாவதை எழுத குறைந்தது 10 கட்டம் ஆகும், ஏனென்றால் கூட்டலுக்கே இரண்டு கட்டம், பின்னக் கோட்டுக்கும் இரண்டு.

எனக்கு அல்ஜீப்ராவுக்கு நெமெத்தான் பிடிக்கும். வரி சுருக்கமாக இருப்பதால் விரலுக்கு அலைச்சல் குறைவு. ஆனால் என் விருப்பம் இங்கே முக்கியமில்லை. பிள்ளையின் பாடப்புத்தகமும் தேர்வுத்தாளும் எந்தக் குறியீட்டில் வரும் என்று விசாரித்து அதையே பிடியுங்கள். புத்தகம் ஒன்றிலும் தேர்வு இன்னொன்றிலும் வந்தால் நன்றாகப் படிக்கிற பிள்ளைகூட தடுமாறும்.

நீங்கள் பார்வையுள்ள ஆசிரியர் என்றால் பிரெயில் முழுவதையும் கற்க வேண்டாம். 10 எண்கள், நான்கு செயல்குறிகள், சமக்குறி, பின்னம், அடுக்கு, வர்க்கமூலம் போதும். கண்ணாலேயே படித்துக்கொள்ளலாம். விடைத்தாளைத் திருத்த இன்னொருவரைத் தேடி ஓடாமலிருக்க இது போதுமான முதலீடு.

எழுத என்ன கொடுப்பது

புள்ளி குத்தும் சட்டமும் ஊசியுமான ஸ்லேட்டும் ஸ்டைலஸும் எங்கும் எடுத்துப் போகலாம், முகவரி குறிக்கலாம். கணக்குக்கு ஒத்துவராது. தாளின் பின்பக்கத்திலிருந்து, வலமிருந்து இடமாக, கண்ணாடிப் பிம்பமாகக் குத்த வேண்டும். எழுதியதைப் படிக்க தாளைக் கழற்றித் திருப்ப வேண்டும். சமன்பாட்டின் நடுவில் இதைச் செய்துகொண்டிருந்தால் என்ன நடக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

கணக்கு தொடங்கும் பிள்ளைக்கு முதல் கருவி பிரெயில் தட்டச்சுக் கருவியான பிரெயிலர்தான். டேவிட் ஆபிரகாம் வடிவமைத்து 1951-ல் உற்பத்திக்கு வந்த பெர்கின்ஸ் பிரெயிலர் இன்றும் அதே ஆறு விசைகளோடு ஓடிக்கொண்டிருக்கிறது. புள்ளிகள் மேல்நோக்கி எழும்புவதால் அடித்த கையோடு தொட்டுப் படிக்கலாம். முந்தைய வரியும் விரலுக்கு எட்டும். முக்கியமாக, எண்களை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கி எழுதிக் கூட்டலாம். நெமெத்தில் இப்படி அடுக்கும்போது எண் குறி தேவையில்லை என்பதால் ஒன்று, பத்து, நூறு எல்லாம் நேராக ஒரே பத்தியில் நிற்கும். சத்தம் அதிகம்தான். பக்கத்து பெஞ்சுக்காரர்கள் ஒரு வாரத்தில் பழகிவிடுவார்கள்.

டெய்லர் சட்டம் என்பது கணக்குப் போடும் துளைப்பலகை. அதன் எட்டு மூலையுள்ள துளைகளில் சிறு கட்டைகளைச் செருகுவோம். ஒரு கட்டைக்கு 8 திசை, 2 முனை, ஆக 16 குறிகள். வேகமாகக் கணக்குப் போடலாம். ஆனால் சட்டத்தைக் கலைத்தால் வேலையும் கலைந்துவிடும், ஆசிரியரிடம் காட்ட எதுவும் மிஞ்சாது. அபாகஸ் வேண்டுமென்றால் கிரான்மர் அபாகஸைத் தேடுங்கள். மணிகளுக்குப் பின்னால் மெத்தென்ற பட்டை இருப்பதால் விரல் பட்டால் மணி நழுவாது. மற்றவர்களின் ரஃப் தாளுக்கு அது ஈடு.

டிஸ்ப்ளே வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்

பிரெயில் டிஸ்ப்ளே என்பது கணினியோடோ மொபைலோடோ இணைக்கும் பட்டை. உள்ளே இருக்கும் மெல்லிய தகடுகள் மின்சாரம் பட்டால் வளைந்து ஊசிகளை மேலே தள்ளும். திரையில் இருக்கும் வரி விரலுக்கு அடியில் வந்து நிற்கும். ஒவ்வொரு கட்டத்திலும் 8 ஊசிகள். கீழே உள்ள 7, 8 பெரும்பாலும் கர்சரைக் காட்ட. கட்டங்களுக்கு மேலே வரிசையாகச் சிறு பொத்தான்கள் இருக்கும். ஒன்றை அழுத்தினால் கர்சர் சரியாக அந்த எழுத்துக்குத் தாவும். விட்டுப்போன அடைப்புக்குறியைப் போட இதைவிட வசதி வேறில்லை.

20 கட்டக் கருவி கைக்கு அடக்கமாக இருக்கும், கதை படிக்கப் போதும். இருபடிச் சமன்பாட்டின் தீர்வுச் சூத்திரத்தை அதில் படித்தால் பாதியில் வரி உடைந்து அடுத்த பக்கம் தள்ள வேண்டியிருக்கும். கணக்குக்கு 40 கட்டம் இருந்தால் நல்லது. பல வரிகள் ஒரே நேரத்தில் காட்டும் கருவிகளும் வந்துவிட்டன. மோனார்க் 10 வரி, வரிக்கு 32 கட்டம் காட்டுகிறது. டாட் பேட் 2400 ஊசிகளால் படமே வரைகிறது. கிடைத்தால் பயன்படுத்துங்கள். ஆனால் பிரெயிலர்கூட இல்லாத வகுப்புக்கு முதல் கொள்முதலாக இதை வாங்குவதை நான் ஒப்பமாட்டேன். கருவி பழுதுபார்க்கப் போன மாதத்தில் பிள்ளை கைகட்டி உட்கார்ந்திருக்கும்.

டிஸ்ப்ளே எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கோப்பு சரியில்லை என்றால் பயனில்லை. ஸ்கேன் செய்த பிடிஎஃப், படமாக ஒட்டிய சமன்பாடு, வாட்ஸ்அப்பில் வந்த பலகை ஃபோட்டோ மூன்றுமே விரலுக்கு வெற்று வரிதான். சமன்பாட்டை மேத்எம்எல் அல்லது லேடெக் வடிவில் கொடுங்கள். இரண்டும் சமன்பாட்டைப் படமாக இல்லாமல் எழுத்தாகவே குறிக்கும் முறைகள். விண்டோஸில் என்விடிஏ இலவச ஸ்கிரீன் ரீடர், அதாவது திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள். அதோடு கணிதத்தைக் கையாளும் மேத்கேட் சேர்ந்தால் இணையப் பக்கத்திலுள்ள மேத்எம்எல் சமன்பாடு நெமெத்திலோ யூ.இ.பி.யிலோ டிஸ்ப்ளேயில் வரும். என்விடிஏ விசை, ஆல்ட், எம் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் சமன்பாட்டுக்குள் நுழையலாம். அம்புக்குறிகளால் பின்னத்தின் மேல்பகுதி, கீழ்ப்பகுதி, அடுக்கு என்று துண்டு துண்டாகப் போகலாம். மேல் வகுப்புக்குப் போகப் போக லேடெக் கற்றுக்கொடுங்கள். பின்னம், மூலம், தொகையீடு எல்லாமே சாதாரண விசைப்பலகையில் ஒரே நேர்வரியாக எழுதப்படுவதால் பிள்ளை எழுதியதை நீங்களும் அச்சாகப் பார்க்கலாம், அவள் விரலாலும் படிக்கலாம்.

காதை நான் ஒதுக்கிவிடவில்லை. டி.வி. ராமன் 1994-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக உருவாக்கிய ஆஸ்டர் என்ற மென்பொருள் லேடெக் கோப்பை வாசிக்கும்போது அடுக்கு வந்தால் குரலின் சுருதியை உயர்த்தும். அழகான யோசனை. நானும் புதிய பக்கத்தை முதலில் ஒருமுறை கேட்டுவிடுவேன். போட ஆரம்பிக்கும்போது ஒலியை அணைத்துவிடுவேன்.

ஒரு சின்ன விஷயம், யாரும் சொல்வதில்லை: டிஸ்ப்ளேயைத் தொடும் முன் கை கழுவித் துடைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எண்ணெயும் தூசியும் ஊசித்துளையில் இறங்கினால் புள்ளி பாதியில் நின்றுவிடும். நான்கு புள்ளி மூன்றாகத் தெரிந்தால் ஏழு வேறோர் எண்ணாகிவிடும்.

படம், வரைபடம்

அதிக உழைப்பு கேட்பதும் அதிகம் சொதப்பப்படுவதும் இதுதான்.

புத்தகப் படத்தின் கோடுகளை அப்படியே மேடாக்கிக் கொடுத்துவிட்டு “இதோ படம்” என்பார்கள். கண் ஒரு படத்தை மொத்தமாக அள்ளிக்கொள்ளும். விரல் ஒரு முனையில் தொடங்கி ஊர்ந்து ஊர்ந்து மனதுக்குள் படத்தைக் கட்ட வேண்டும். எனவே முதலில் கேட்க வேண்டியது, இந்தப் படம் எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது? அதற்குத் தேவையில்லாத நிழல், அலங்காரம், பின்னணி எல்லாவற்றையும் நீக்குங்கள். அப்புறமும் நெரிசல் என்றால் இரண்டு தாளாகப் பிரியுங்கள். இதயத்தின் படத்தில் அறைகள் ஒரு தாள், ரத்தம் பாயும் திசை இன்னொரு தாள்.

பிரெயில் எழுத்தைச் சிறிதாக்க முடியாது. ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததுக்கு சுமார் 6 மி.மீ., வரிக்கு வரி சுமார் 10 மி.மீ. படத்துக்குள் “இடது வெண்ட்ரிக்கிள்” என்று எழுத இடமே இருக்காது. ஓரிரு எழுத்தைக் குறியாகப் போட்டு, விளக்கத்தைத் தனித் தாளில் கொடுங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே 3 மி.மீ.யாவது இடைவெளி வேண்டும். அதைவிட நெருங்கினால் விரலுக்கு இரண்டும் ஒரே தடித்த கோடு. தாளின் மேல் வலது மூலையை வெட்டிவிட்டால் எது மேல்பக்கம் என்று கேட்க வேண்டியிராது.

பரவளையம் போன்ற கிராஃபில் மூன்று அடுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: கட்டக்கோடுகள் மிக மென்மையாக, அச்சுகள் நடுத்தரமாக, வளைவு எல்லாவற்றையும்விட உயரமாக. மூன்றும் ஒரே உயரத்தில் இருந்தால் விரல் வளைவைப் பின்தொடரும்போது குறுக்குக்கோட்டில் ஏறி வேறெங்கோ போய்விடும்.

செய்முறைகள் பல. ஸ்வெல் பேப்பரில் கருப்பு மையால் அச்சிட்டு சூடாக்கும் கருவிக்குள் விட்டால் கருப்பு பட்ட இடம் வெப்பத்தை அதிகம் உறிஞ்சி உப்பிவிடும். எல்லாக் கோடும் ஒரே உயரம் என்பதுதான் இதன் குறை. தடிமனையும் புள்ளிக்கோட்டையும் மாற்றிச் சமாளிக்க வேண்டும். பார்வையிழந்த இயற்பியலாளர் ஜான் கார்ட்னர் உருவாக்கிய டைகர் வகை எம்பாஸர்கள், அதாவது பிரெயில் அச்சுப்பொறிகள், புள்ளியின் உயரத்தையே கூட்டிக் குறைக்கும். எதுவும் இல்லையா? தையல்காரர்கள் துணியில் குறியிட உருட்டும் பல்சக்கரம் ஒன்று, அடியில் ரப்பர் விரிப்பு, கெட்டித் தாள். தாளைத் திருப்பிப் போட்டு இடவலம் மாற்றி உருட்டினால் மறுபக்கம் கோடு எழும்பும். நூலும் பசையும்கூட போதும்.

பிள்ளையும் வரைய வேண்டும், இதை விடாதீர்கள். ரப்பர் பலகையில் மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்துப் பேனாவால் அழுத்தி எழுதினால் எழுதிய பக்கத்திலேயே கோடு எழும். முக்கோணத்தைத் தானே வரைந்த பிள்ளைக்கு அடுத்தவர் வரைந்த முக்கோணம் எளிதாகப் புரியும். கணினியில் டெஸ்மோஸ் கிராஃப் கால்குலேட்டர் நெமெத், யூ.இ.பி. இரண்டிலும் சமன்பாட்டை வாங்கிக்கொள்ளும், வளைவை ஒலியாகவும் வாசித்துக் காட்டும். ஒய் மதிப்பு ஏறினால் சுருதி ஏறும். வளைவின் மொத்த வடிவத்தை முதலில் காதில் வாங்கி, பிறகு எங்கே அச்சை வெட்டுகிறது என்று தாளில் தேடலாம்.

கனசதுரத்தைத் தாளில் சாய்வாக வரைந்து கொடுக்காதீர்கள். பின்பக்க விளிம்பு சின்னதாகத் தெரியும் என்பது கண்ணுக்கு மட்டுமே உள்ள பழக்கம். கையில் இருக்கும் கனசதுரத்துக்கு எல்லா விளிம்பும் சமம். நிஜமான பெட்டியைக் கொடுத்து, அதைப் பிரித்து விரித்த வலையைத் தாளில் காட்டுங்கள். ஒரு கோளத்தை உள்வெளியாகத் திருப்புவது பற்றி ஆராய்ந்த கணிதவியலாளர் பெர்னார்ட் மோரின் சிறுவயதிலேயே பார்வை இழந்தவர். அந்தத் திருப்பலின் நடுக்கட்டங்களை அவர் களிமண் மாதிரிகளாகவே செய்து காட்டினார். முப்பரிமாணத்துக்கு நானும் களிமண் கட்சி.

கோடிங்

பைதான் நிரலில் இடப்பக்கம் விடும் வெற்றிடத்துக்கே பொருள் உண்டு. குரல் அதை விழுங்கிவிடும், டிஸ்ப்ளே விழுங்காது. ஆனால் வழக்கப்படி ஒரு நிலைக்கு 4 இடம் விட்டால், மூன்று நிலை உள்ளே போனதும் 12 கட்டம் காலி. 20 கட்டக் கருவியில் நிரலுக்கு 8 தான் மிச்சம். எழுதும்போது ஒரு நிலைக்கு ஓர் இடம் அல்லது ஒரு டேப் என்று வைத்துக்கொண்டு, முடித்ததும் நிரலின் அமைப்பைச் சீராக்கும் ஃபார்மேட்டர் கொண்டு 4 ஆக்கிக்கொள்ளலாம்.

பிரெயில் சுருக்கெழுத்தை அணைத்துவிட்டு 8 புள்ளி கணினி பிரெயிலுக்கு மாற்றுங்கள். அதில் ஒரு எழுத்துக்கு ஒரே கட்டம், பெரிய எழுத்துக்கும் அப்படித்தான். என்விடிஏயில் உள்தள்ளலைச் சொல்லாகவோ தொனியாகவோ அறிவிக்கும் அமைப்பு உண்டு, அதையும் போட்டு வையுங்கள். இழுத்துப் போட்டு ஒட்டும் வண்ணக் கட்டை நிரல்கள் பார்வையற்ற சின்னப் பிள்ளைகளுக்குச் சரிப்படாது. அந்த வயதுக்குக் கோட் ஜம்பர் இருக்கிறது: கையில் பிடிக்கும் உருண்டைகளை வயரால் இணைத்து, வரும் இசையைக் கேட்டு நிரல் கற்பது.

ஆய்வகம்

என் பள்ளிக் காலத்தில் ஆய்வகம் என்றால் எனக்கு ஓரத்து ஸ்டூல். தோழி செய்வாள், நான் குறிப்பு எழுதிக்கொள்வேன். பாதுகாப்பு என்று காரணம் சொன்னார்கள். பாதுகாப்பைக் கருவியால் செய்யலாம்.

எல்லாப் பொருளையும் விளிம்புள்ள தட்டில் வைத்து ஒவ்வொன்றுக்கும் நிலையான இடம் கொடுங்கள். முதலில் வெறும் தண்ணீரில் முழுச் சோதனையையும் ஒரு தடவை செய்யச் சொல்லுங்கள். திரவம் அளக்க அளவுகோடு போட்ட குடுவை வேண்டாம், பெரிய சிரிஞ்சு கொடுங்கள். உந்து தண்டில் 5, 10 மி.லி. இடங்களில் கத்தியால் வெட்டுக்குறி போட்டால் நகம் அங்கே நிற்கும். தீச்சுடருக்குப் பதிலாக மின் சூடேற்றி. பேசும் வெப்பமானி, பேசும் தராசு கிடைக்கின்றன. டைட்ரேஷனில் நிறமாற்றத்தைக் காண்பதற்குப் பதிலாக பிஹெச் உணரியைக் கணினியில் இணைத்து, எண் ஓடுவதை டிஸ்ப்ளேயில் படிக்கலாம். பாட்டில்களில் பெயரையும் ஆபத்துக் குறியையும் பிரெயில் ஒட்டுப்பட்டையில் அடித்து ஒட்டுங்கள். மூடியில் ஒட்டாதீர்கள், மூடி இடம் மாறும். மூலக்கூறு அமைப்புக்குப் பந்தும் குச்சியுமான மாதிரிகளே போதும். கார்பன், ஆக்சிஜன் பந்துகளின் நிறம் தெரியாது என்பதால் ஒன்றில் மட்டும் சொரசொரப்பான டேப் ஒட்டிவிடுங்கள்.

வகுப்பிலும் தேர்விலும்

“இதை அங்க கொண்டு போனா இது வரும்” என்பதை விட்டுவிடுங்கள். எழுதுவதை எழுதும்போதே சொல்லுங்கள்: “பின்னம் தொடக்கம், மேலே எக்ஸ் கூட்டல் ஒன்று, கீழே ஒய், பின்னம் முடிவு.” பார்க்கும் பிள்ளைகளுக்கும் இது உதவும். நாளைய பாடத்தின் சமன்பாடுகளை இன்றைக்கே கோப்பாகக் கொடுத்துவிட்டால் அவள் வகுப்பில் உங்களோடு வரிக்கு வரி வருவாள்.

தேர்வுத்தாளைக் கொடுக்கும் முன் பிரெயில் படிக்கத் தெரிந்த ஒருவர் விரலால் முழுவதும் படித்துச் சரிபார்க்க வேண்டும். திரையில் சரியாகத் தெரிவது கணக்கில் சேராது. பார்க்க வேண்டியவை: சமன்பாடு பக்கத்தின் முடிவில் உடைந்திருக்கிறதா, கேள்வியும் அதன் படமும் வெவ்வேறு தாளில் என்றால் படத்தின் எண் இரண்டிலும் இருக்கிறதா, “படத்தில் நிழலிட்ட பகுதி” என்று கேள்வி சொன்னால் விரலுக்கு அந்த நிழல் தனிச் சொரசொரப்பாகத் தெரிகிறதா, கிராஃப் தாளின் கட்டங்கள் எண்ணும் அளவுக்குத் தனித்தனியாக இருக்கின்றனவா. தாளைக் கட்டாகக் கட்டி மேலே கனமாக எதையும் வைத்து அனுப்பாதீர்கள், புள்ளி அமுங்கிவிடும்.